பத்து வகை ஆடிப்பட்ட விதைத் தொகுப்பு: சரக்கு தேறும், பின்பக்கத்தில் போட்டிருக்கும் நேரம் தேறாது

ஆனி பாதியிலேயே கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை விதைக்கடை வாசல்களில் இந்தத் தொகுப்பு சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்துவிடும். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்து சின்னப் பொட்டலம்: வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், செடி அவரை, கொத்தவரை, புடலை, பாகல், தண்டுக்கீரை, முள்ளங்கி. கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு வகை மாறும், அட்டைப் படம் மாறும். உள்ளே இருக்கும் சரக்கும் பின்னால் அச்சடித்த வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் யார் பெயரையும் இழுக்காமல் இந்தத் தொகுப்பை ஒரு பொருளாக மட்டும் எடுத்து எடை போடுகிறோம்.

கொல்லையில் ரெண்டு பாத்தி, இல்லாவிட்டால் மாடியில் பத்துப் பை வைத்திருக்கும் வீட்டுக்கு இதை வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். கழித்த ஒன்றரையில் அரை, உள்பொட்டலங்களில் ரகத்தின் பெயர் இல்லாததற்கு. மீதி ஒன்று, பத்து விதைக்கும் பன்னிரண்டு மாசத்துக்கும் சேர்த்து ஒரே வரியாகப் போட்டிருக்கிறார்களே, "காலை அல்லது மாலை வேளையில் விதைக்கவும்" என்று, அதற்கு. காவிரிப் படுகையில் காலை விதைப்பும் மாலை விதைப்பும் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. ஆடியில் காலையில் போட்ட கீரை மதியத்துக்குள் பொருக்குக்கு, அதாவது காய்ந்து இறுகிய மேல்மண் ஓட்டுக்கு, கீழே மாட்டிக்கொள்ளும். ஐப்பசியில் மாலையில் போட்ட கீரை விடிவதற்குள் பாத்தி மூலைக்கு ஓடிவிடும். இரண்டுக்கும் பழி விழுவது விதை மேல்.

உடைத்துப் பார்த்தால்

வெண்டைப் பொட்டலத்தைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டினால் விதை அத்தனையும் ரோஸ் நிறத்தில் இருக்கும், விரலில் தூள் ஒட்டும். அது பூஞ்சாண மருந்துப் பூச்சு. பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். விதைத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாகல் விதையின் ஓரம் பல் பல்லாக இருப்பது இயல்புதான். ஆனால் முனை உடைந்து உள்ளே வெள்ளைப் பருப்பு தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள், ஈர மண்ணில் முதலில் அழுகுவது அதுதான். தண்டுக்கீரை விதை கருப்பாக மினுங்க வேண்டும். செம்பழுப்பு அதிகம் கலந்திருந்தால் முற்றுவதற்கு முன்னால் அறுத்த விதை கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். கத்தரியில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 200 விதை, தக்காளியில் 300. ஒரு குடும்பத்துக்கு ஆறு கத்தரி, எட்டுத் தக்காளிச் செடி போதும். மாறாக வெண்டை கிராமுக்குப் பதினைந்து, பதினாறுதான் நிற்கும். வாரம் இருமுறை வெண்டைக்காய் சமைக்கும் வீட்டுக்கு இருபது செடியாவது வேண்டும். ஆகவே முதலில் தீர்வது வெண்டை, பாதிக்கு மேல் மிஞ்சுவது கத்தரியும் தக்காளியும். மிஞ்சியதைத் தூக்கிப்போட வேண்டாம். பொட்டலத்தை மடித்துக் காற்றுப் புகாத டப்பாவில், அடியில் நன்றாக வெயிலில் காய்ந்த அரிசி ஒரு கை போட்டு வைத்தால் தைப்பட்டம் வரை தாங்கும். சமையலறை அலமாரி ஆகாது. அங்கே சூடும் ஈரமும் சேர்ந்திருக்கும், விதை கெடுவதற்கு அந்த இரண்டும் போதும்.

ரகப் பெயர் விஷயத்துக்கு வருவோம். "பச்சைக் கத்தரி", "வெள்ளை முள்ளங்கி" என்று மட்டும் போட்டிருக்கும். கத்தரியில் அது பெரிய குற்றமில்லை. முள்ளங்கியில் குற்றம். பூசா சேட்கி மாதிரி வெயில் தாங்கும் ரகமாக இருந்தால் ஆடியிலும் போடலாம். குளிர்கால ரகமாக இருந்தால் கிழங்கு தடிக்காது, காரமேறும், உள்ளே சக்கையாகிவிடும். பெயர் தெரியாத முள்ளங்கியை ஆடியில் தொடாமல் கார்த்திகைக்கு எடுத்து வைப்பதே நல்லது. ஆடிப்பட்டத் தொகுப்பு என்று விற்றுவிட்டு அதில் கார்த்திகைக்கான விதையைச் சேர்ப்பது என்ன கணக்கோ!

சீட்டைப் படித்து வாங்குங்கள்

வெளியுறையில் பச்சை நிறச் சீட்டு இருக்கும். அது உண்மை நிலை விதைக்கான நிறம், அதாவது தரத்துக்குக் கம்பெனியே பொறுப்பு. சான்று பெற்ற விதை என்றால் நீலச் சீட்டு. பச்சையும் மோசமில்லை, வீட்டுத் தோட்ட விதை பெரும்பாலும் பச்சையில்தான் வருகிறது. பார்க்க வேண்டியது மூன்று: குவியல் எண் (ஒரே குவியலாகத் தயாரான விதைக்குப் போடும் அடையாள எண்), பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன். பரிசோதித்த தேதியிலிருந்து 9 மாதம்தான் அந்த விதைக்கு ஆயுள் என்று கணக்கு. ஆனியில் வாங்கும் பொட்டலத்தில் போன ஐப்பசித் தேதி இருந்தால் காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது, வேறு கேளுங்கள். சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச முளைப்பு வெண்டைக்கு 65 சதவீதம், கத்தரிக்கும் தக்காளிக்கும் 70, மிளகாய்க்கு 60, சுரை, பாகல், புடலை வகைகளுக்கும் 60. அதாவது சட்டம் திருப்திப்படும் பாகல் பொட்டலத்திலேயே பத்துக்கு நாலு முளைக்காமல் போகலாம். குழிக்கு மூன்று விதை போடச் சொல்வது இதனால்தான்.

வாசலில் வெயிலில் தொங்கும் சரத்திலிருந்து எடுக்காதீர்கள். உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேட்டால் கொடுப்பார்கள். சீட்டில் தேதி சரியாகவே இருக்கும். ஆனால் தகரக் கூரைக்கு முன்னால் ஒரு மாதம் வெந்த விதையும் உள்ளே அட்டைப் பெட்டியில் இருந்த விதையும் மண்ணுக்குள் ஒன்றுபோல எழுந்து வராது.

சந்தேகம் இருந்தால் ஈரத்துணிச் சோதனை செய்துவிடலாம். 20 விதையை நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் பரப்பிச் சுருட்டி, பாலிதீன் பையில் போட்டு, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். வெண்டை ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், 13 வந்தால் தேறியது. மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும், 12 வந்தால் போதும். துணியில் முளைத்தது பாத்தியில் முளைக்கவில்லை என்றால் அதற்குமேல் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஆழம், ஈரம், நேரம் மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

ஆடியில் மாலைதான், அதிலும் எந்த மாலை?

விதை முதலில் தண்ணீரைக் குடித்து உப்பும். அப்புறம் உள்ளே வேலை தொடங்கி வேர் முனை வெளியே வரும். உப்பிய விதை வேர் விடுவதற்கு முன்னால் காய்ந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேர் முனை எட்டிப் பார்த்தபிறகு காய்ந்தால் போனது போனதுதான். ஆகவே முதல் பன்னிரண்டு மணி நேரம் விடாத ஈரம் கிடைப்பதும், அடுத்த இரண்டு நாள் அது அறுபடாமல் இருப்பதும் முக்கியம். மாலை ஐந்து மணிக்கு ஊன்றினால் அடுத்த நாள் காலை எட்டு வரை கடும் வெயில் இல்லாமல் பதினைந்து மணி நேரம் கிடைக்கிறது. காலை எட்டுக்கு ஊன்றினால் மூன்று மணி நேரம்கூடக் கிடையாது.

மாலை என்றால் மூன்று மணி இல்லை. வெயில் தணிந்த மாதிரி இருக்கும், ஆனால் மண் தணிந்திருக்காது. மேல்மண் ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் சூட்டின் உச்சத்துக்குப் போகும். விதை படுக்கும் ஒரு அங்குல ஆழத்தில் அந்த உச்சம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். சித்திரை, வைகாசியில் மூடாக்கு இல்லாத வெற்று மேல்மண் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; தக்காளியும் கத்தரியும் 35க்கு மேலேயே முரண்டு பிடிக்கும். தரைப் பாத்திக்கு நாலரையிலிருந்து ஆறு மணி வரை சரியான நேரம். கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: புறங்கையை மண்ணில் பத்து எண்ணும் வரை வைக்க முடிகிறதா? அப்படியானால் விதைக்கலாம்.

ஆடிக்கு இன்னொரு காரணமும் உண்டு, காற்று. பகலெல்லாம் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று வெயிலைவிட வேகமாக மேல்மண்ணை உலர்த்தும். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால்கூட பாதி பக்கத்துப் பாத்தியில் விழும். பொழுது சாயும் நேரத்தில் காற்று அடங்கும்போது தூவினால் கை நினைத்த இடத்தில் விதை விழும். கூடவே மேற்கு வானத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். ஆடி, ஆவணியில் இந்தப் பக்கம் மழை வந்தால் சாயங்காலம் இடியோடு வரும். மேற்கே கருத்துத் திரண்டிருந்தால் கீரையை நாளைக்குத் தள்ளிவையுங்கள். வெண்டையும் அவரையும் ஆழத்தில் கிடப்பவை, அவற்றுக்குப் பயமில்லை.

செய்யும் வரிசை மாறினால் மாலை விதைப்பும் கெடும். தண்ணீர் காலையிலேயே பாய வேண்டும். அரை அடி ஆழம் வரை நனையும்படி பாய்ச்சி விட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் பதம் வந்திருக்கும்: ஒரு பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை உதிராமல் பிசுபிசுத்தால் இன்னும் சேறு, இன்றைக்கு விதைக்காதீர்கள். பதம் வந்த பாத்தியில் குச்சியால் கோடு கிழித்து விதை போட்டு, மக்கிய எருவும் ஆற்று மணலும் சரிபாதி கலந்து மூட வேண்டும். பாத்தியின் களிமண்ணையே இழுத்து மூடுவதுதான் டெல்டாவில் நடக்கும் பெரிய தப்பு. காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும், கீரையும் கத்தரியும் அதை உடைத்து வர வலுவில்லாதவை. ஆழம் வெண்டைக்கும் கொடி வகைக்கும் 2 செ.மீ., அவரைக்கு 3, தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அரை செ.மீ. போதும். கீரைக்கு எரு மணலை மேலே தூவினாலே சரி. மூடியபிறகு பூவாளியில் லேசாகத் தெளித்து, மேலே வைக்கோலைத் தரை தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். வைக்கோல் இல்லாத வீட்டுக்குத் தென்னங்கீற்று.

அடுத்த இரண்டு நாளும் காலை எட்டுக்குள் ஒரு தெளி, நாலு மணிக்கு மேல் ஒரு தெளி. உச்சி வெயிலில் தெளிக்காதீர்கள். நீர்த்துளி கண்ணாடியாக வேலைசெய்து செடியைச் சுடும் என்று சொல்வதெல்லாம் கதை. உண்மைக் காரணம் இரண்டு. வெயிலில் கிடக்கும் ஓஸ் பைப்பிலிருந்து முதலில் வருவது வெந்நீர். களிமண்ணில் மேலே மட்டும் நனைந்து வெயிலில் உடனே காய்வதுதான் பொருக்கு உண்டாவதற்கான நேர்வழி.

விதைக்கும் நேரத்தைப் பேசுகிறவர்கள் வைக்கோலை எடுக்கும் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். முளை தலை தூக்கியதும், பாதிக்கு மேல் தெரிந்ததும், அன்று சாயங்காலமே எடுத்துவிட வேண்டும். காலையில் எடுத்தால் வைக்கோலுக்கடியில் வெளுத்து நீண்ட தண்டு அன்று மதியமே துவண்டு விழும். இரவு முழுக்கத் திறந்து கிடந்து விடியல் வெளிச்சத்தில் மெல்லப் பச்சை பிடித்த நாற்று தாங்கிக்கொள்ளும். இரண்டு நாள் தள்ளி எடுத்தாலும் தப்பு, தண்டு வைக்கோலில் பின்னி இழுக்கும்போது அறுந்துவிடும்.

மண்ணுக்கு மண் கொஞ்சம் மாறும். கொள்ளிடப் படுகை வண்டல் சீக்கிரம் வடியும், அங்கே காலைத் தண்ணீர் சாயங்காலம் வரை நிற்காது, விதைத்தபிறகு சற்றுத் தாராளமாகவே தெளிக்கலாம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் பகலில் வேகமாகச் சுடும், பொழுது சாய்ந்ததும் வேகமாக ஆறும். நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் முதல் இரண்டு தண்ணீருக்காவது குளத்து நீரோ வாய்க்கால் நீரோ பிடித்து ஊற்றுங்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பாரின், அதாவது உயர்த்திக் கட்டிய மண் மேட்டின், உச்சியில்தான் வெள்ளையாகப் பூக்கும். அங்கே விதையைப் பாரின் உச்சியில் ஊன்றாமல் சரிவில் ஊன்ற வேண்டும்.

மாடிக்குத் தனிக் கணக்கு

மாடியில் ஐந்து மணி சரிவராது. தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவு ஒன்பது வரை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும், கருப்புப் பை பக்கவாட்டிலும் சூடு வாங்கும். பையைச் செங்கல் மேலோ பலகை மேலோ ஏற்றி வைத்து, ஆறு மணிக்கு மேல் விதையுங்கள். அதைவிட முக்கியம் தண்ணீர். மாடியில் இருக்கும் கருப்புத் தொட்டி நீர் மாலை நாலு, ஐந்து மணிக்குத்தான் நன்றாகச் சுடும். அதையே திறந்து பிடித்து விதைக்கு ஊற்றுகிறவர்கள் அதிகம். காலையில் ரெண்டு வாளி பிடித்து நிழலில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. மேலே காய்ந்த பழுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை ஒரு கணு விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர்.

குழித்தட்டில் நாற்று விடுகிறவர்களுக்கு இந்த நேரக் கணக்கு எதுவும் வேண்டாம். 98 குழித் தட்டில் நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் தாளால் மூடி, திண்ணை நிழலில் வைத்தால் நடுப்பகலில் விதைத்தாலும் முளைக்கும். பதினெட்டாம் பெருக்குக்கு வீட்டுக்குள் இருட்டறையில் வளர்க்கும் முளைப்பாரிக்கு யாராவது மணி பார்க்கிறார்களா? வெயிலும் காற்றும் படாத இடத்தில் நேரத்துக்கு வேலை இல்லை. இந்தத் தொகுப்பில் இருக்கும் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் இப்படி நாற்றாகவே விடுங்கள். பின்பக்கக் குறிப்பு பத்தையும் நேரடி விதைப்பு போலவே பேசுகிறது, அது தவறு. தக்காளி 25 நாளில், கத்தரி 30 முதல் 35 நாளில், மிளகாய் 40 நாளில் பிடுங்கி நடத் தயாராகும். அந்த நடவுக்கு மட்டும் மறுபடி சாயங்காலம்.

ஐப்பசி, கார்த்திகையில் காலை

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கணக்கு தலைகீழ். கடலோர டெல்டாவில் இந்த மழை இரவிலும் விடியற்காலையிலும் கொட்டுவது வழக்கம். சாயங்காலம் கீரை தூவினால் விடிந்து பார்க்கும்போது பாத்தி மொட்டையாக இருக்கும், நாலு நாள் கழித்துத் தாழ்ந்த மூலையில் மட்டும் பாய் விரித்த மாதிரி அடர்த்தியாக முளைத்து வரும். கூடவே நத்தை வெளியே வருவதும் இரவில்தான். காலை ஏழு மணிக்கு வானம் பார்த்து, வெளுத்திருந்தால் ஏழிலிருந்து ஒன்பதுக்குள் விதைத்துவிட்டால் மண் பிடித்துக்கொள்ள ஒரு பகல் முழுதும் கிடைக்கும்.

பாத்தியும் மாற வேண்டும். 15 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி, அகலம் ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுற்றி வடிகால். நாற்றழுகல் இந்த மாசங்களில்தான் வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் கட்டி இழுத்ததுபோல் சுருங்கி நாற்று சாயும். சாயங்காலத் தண்ணீர் இரவெல்லாம் மேலே நிற்பதே அதற்கு வழிவிடுகிறது. விதையில் ஒரு கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து விதைக்கலாம். நம் பொட்டலத்துக்கு அது ஒரு சிட்டிகைகூட வராது. ரோஸ் பூச்சு உள்ள விதைக்கு இது வேண்டாம், ஏற்கெனவே மருந்து இருக்கிறது, அது இந்த நல்ல பூஞ்சாணத்தையும் கெடுக்கும்.

மார்கழி, தையில்

இரவில் 20, 21 டிகிரிக்கு இறங்கும் மாசம். முள்ளங்கியும் தக்காளியும் கொத்தமல்லியும் இதைக் கொண்டாடும். வெண்டை, பாகல், புடலை மூன்றும் சோம்பல்படும். ஆடியில் ஐந்து நாளில் வரும் வெண்டை இப்போது பத்து நாள் இழுக்கும். மண்ணுக்குள் கிடக்கும் நாள் கூடக் கூட எறும்புக்கும் அழுகலுக்கும் அவகாசம். இந்த மூன்றுக்கும் பனி விலகி மண் இளஞ்சூடு ஏறிய ஒன்பது, பத்து மணி நல்ல நேரம். முதல் நாளே ஊறப்போட்டு வையுங்கள்: வெண்டை ஒரு இரவு, பாகலும் புடலையும் 24 மணி நேரம். பாகல் விதையின் கூர்முனைக்கு எதிர்ப்பக்க மேலோட்டை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டால் தண்ணீர் சீக்கிரம் இறங்கும். உள்ளே பருப்பைத் தொட்டுவிடக் கூடாது. பூச்சுள்ள விதையை ஊறவைத்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும், அந்தத் தண்ணீரைக் கோழியும் ஆடும் வாய் வைக்காத இடத்தில் குழி தோண்டி ஊற்றுங்கள். ஊறிய விதையைக் காய்ந்த மண்ணில் போடுவது, ஊறவைக்காமல் போடுவதைவிட மோசம்.

பங்குனியிலிருந்து மறுபடி மாலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

காலண்டர் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தினசரித் தாளில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் பார்த்து, காய்க்கு ஒன்று, கிழங்குக்கு ஒன்று என்று விதைக்கும் வழக்கம் இங்கே உண்டு. நாளை எப்படி வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், மணி மட்டும் மண் சொல்வதாக இருக்கட்டும். இடிப்பது ஒரே இடம்தான்: லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சரியாக மாலை 4.30 முதல் 6 வரை. ஆடியில் பொழுது சாய ஆறரைக்கு மேல் ஆகிவிடுவதால் ஆறு மணிக்குப் பிறகு அரைமணி நேரம் மிச்சம் இருக்கிறது. கோட்டைக் கிழித்து, எருவைக் கலந்து, தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் ரெண்டு பாத்திக்கு அந்த அரைமணி தாராளம்.

நேரம் பார்த்து வரும் திருடர்கள்

நேரம் சரியாக இருந்தும் முளைக்காத பாத்திகளில் பாதிக்குக் காரணம் வேறு. மாலையில் தூவிய கீரை விதையை எறும்பு இரவோடு இரவாக வரிசை கட்டித் தூக்கும். பாத்தி ஓரத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி அரிசிக் குருணை தூவிவிட்டால் முதல் இரண்டு நாள் அதில் மும்முரமாக இருக்கும், அதற்குள் கீரை முளைவிட்டுவிடும். புடலை, பாகல் குழிகளைத் தோண்டித் தின்பது எலியும் பெருச்சாளியும், அதுவும் இரவில்தான். குழிமேல் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து மேலே ஒரு கல் வைத்தால் போதும், முளை தெரிந்ததும் எடுத்துவிடலாம். அவரைக்கும் கொத்தவரைக்கும் எதிரி மயில். விடியற்காலையும் அந்தியிலும் மேயும், கிளறிய புது மண் எங்கே என்று அதற்குத் தெரிந்துவிடும். கருவை முள்ளைப் பரப்புவது பழைய வழி, பழைய கொசுவலையை நாலு குச்சியில் கட்டுவது சுலப வழி.

பத்தில் எது தேறியது?

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை மூன்றும் எந்தக் கம்பெனித் தொகுப்பிலும் ஏமாற்றுவதில்லை. செடி அவரையும் நன்று. தக்காளியும் கத்தரியும் நாற்று விட்டால் நன்று, நேரடியாகப் போட்டால் வீண். மிளகாய்க்குப் பொறுமை வேண்டும். பத்து நாளில் முளைக்கவில்லை என்று கிளறிப் பார்த்துக் கெடுக்கிறவர்களே அதிகம். பாகலும் புடலையும் ஆடியில் சுமார், தையில் முளைக்கத் தாமதித்தாலும் அருமை. முள்ளங்கி பற்றி முன்பே சொல்லியாயிற்று.

வெண்டை மட்டும் நிறைய வேண்டும் என்றால் தொகுப்பு லாபமில்லை, ரகப் பெயர் போட்ட தனிப் பொட்டலம் வாங்குங்கள். அர்கா அனாமிகா டெல்டாவில் நன்றாக வரும். வேளாண் பல்கலைக்கழக ரகங்கள் வேண்டும் என்றால் நீடாமங்கலத்திலும் நாகை அருகே சிக்கல் ஊரிலும் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டுப் பார்க்கலாம். தக்காளியில் பிகேஎம் 1, கத்தரியில் கோ 2 என்று ரகம் தெரிந்து வாங்குவதில் ஒரு வசதி இருக்கிறது: இரண்டும் கலப்பின ரகமில்லை, நல்ல செடியாகப் பார்த்துப் பழுக்கவிட்டு நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். தொகுப்பில் ரகப் பெயர் இல்லாததால் அதற்கு வழியில்லை. கலப்பினமாக இருந்து அடுத்த தலைமுறை சிதறினால் யாரைக் கேட்பது?

வாங்கும்போது பில் கேளுங்கள். சின்னத் தொகைக்கு என்ன பில் என்று கடையில் சிரிக்கலாம், ஆனால் 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பவர் பில் கொடுத்தாக வேண்டும். குவியல் எண் அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். உறையைக் கிழிக்கும்போது சீட்டு இருக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கம் கிழியுங்கள், ஒவ்வொரு வகையிலும் இருபது முப்பது விதையைத் தனியே நிறுத்தி வையுங்கள். துணிச் சோதனையிலும் பாத்தியிலும் ஒருசேர முளைக்கவில்லை என்றால் பில், சீட்டு, மிச்ச விதை மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். விதைப் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் கட்டி நாமே மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு இருபது முப்பது விதை பத்தாது, எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதே குவியல் எண்ணில் உடைக்காத பொட்டலமாக வாங்கிப் போங்கள்.